பாஸ் அவுட் ஆனவர்கள் மயங்கி விழுந்தவர்கள் அல்லர்

வேளச்சேரி, குரோம்பேட்டை, தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று தென்சென்னைப் புறநகரில் எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் ஒரு பாடம் காதில் விழும். "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019 என்று இன்டர்வியூவில் சொல்லிவிடாதீர்கள். 2019இல் மயக்கம் போட்டு விழுந்தேன் என்று அர்த்தமாகிவிடும். ஐ கிராஜுவேட்டட் என்று சொல்லுங்கள்." வகுப்பு சிரிக்கும். அந்த வாக்கியத்தைச் சொன்ன மாணவர் முகம் சுருங்கி உட்கார்ந்துவிடுவார். கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பயிற்சியிலும் இதே பாடம்தான். கைபேசியில் ஓடும் அரை நிமிட வீடியோக்களிலும் இதே பாடம்தான். இந்தியர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் முன்வரிசையில் 'பாஸ் அவுட்' இருக்கும்.

இந்தப் பாடம் தவறு. அகராதியை வைத்துப் பார்த்தாலும் தவறு, வரலாற்றை வைத்துப் பார்த்தாலும் தவறு, நம் ஊர்ப் படிப்பின் நடைமுறையை வைத்துப் பார்த்தாலும் தவறு. பிழையே இல்லாத இடத்தில் பிழை கண்டுபிடித்து, முதல் தலைமுறையாக ஆங்கிலத்தில் வாய் திறக்கும் பிள்ளைகளை அது கூச வைக்கிறது. அதனால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடத்தைச் சொல்பவர்கள் மூன்று வாதங்களை முன்வைக்கிறார்கள். பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுதல் என்பது முதலாவது. படிப்பை முடித்ததைச் சொல்லக் கிராஜுவேட் என்ற சரியான சொல் இருக்கிறது என்பது இரண்டாவது. வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் பாஸ் அவுட் புரியாது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதத்துக்குப் பதில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது. 1962 சீனப் போரில் அதிகாரிகளின் பற்றாக்குறையை உணர்ந்த இந்திய ராணுவம், 1963இல் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1988இல் அது அதிகாரிகள் பயிற்சி அகாடமி ஆனது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சியை முடித்து அதிகாரிகளாகப் படையில் சேரும் நாளில் நடக்கும் அணிவகுப்புக்கு ராணுவம் வைத்திருக்கும் பெயர் 'பாஸிங் அவுட் பரேடு'. அது நடக்கும் மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 1972இல் இதே பள்ளியிலிருந்து பாஸ் அவுட் ஆகி மஹார் படைப்பிரிவில் சேர்ந்தவர் அவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் நடந்த சண்டையில் உயிர்நீத்து, பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவரைப் பற்றிப் பாஸ் அவுட் என்ற சொல்லை ராணுவம் பயன்படுத்தும்போது ஒருவருக்கும் மயக்கம் நினைவுக்கு வருவதில்லை.

அதே சாலையில் தெற்கே வந்து வண்டலூரில் திரும்பினால் ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு போலீஸ் அகாடமி. அங்கே பயிற்சி முடிக்கும் காவல் அதிகாரிகளின் அணிவகுப்புக்கும் இதே பெயர்தான். இது இந்தியாவில் முளைத்த வழக்கும் இல்லை. பிரிட்டனில் ராயல் மெரைன் வீரர்கள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள் எல்லோரும் பயிற்சி முடிவில் நடத்துவது பாஸிங் அவுட் பரேடுதான். ஆங்கிலம் கற்பவர்களுக்காக ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் அகராதியிலும் கேம்பிரிட்ஜ் அகராதியிலும் பாஸ் அவுட் என்ற பதிவின் கீழ் மயங்குதல் ஒரு பொருளாகவும், ராணுவக் கல்லூரியில் பயிற்சி முடித்து வெளியேறுதல் இன்னொரு பொருளாகவும் இருக்கின்றன. பிரிட்டிஷ் வழக்கு என்ற குறிப்போடு அது அங்கே இருக்கிறது. மயங்குதல்தான் மூத்த பொருள், மற்றது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றும் சொல்ல வழியில்லை. இரண்டுமே நூறாண்டுக்கு மேலாக வழக்கில் இருப்பவை.

உடனே ஒரு மறுமொழி வரும்: "அது ராணுவத்துக்கும் போலீசுக்கும் சரி. பி.காம். படித்தவருக்கு எப்படிப் பொருந்தும்?" பயிற்சி நிலையத்திலிருந்து தேறி வெளியேறுவதைக் குறித்த சொல், கல்லூரியிலிருந்து தேறி வெளியேறுவதையும் குறிக்க வந்தது பெரிய தாவல் இல்லை. சொற்கள் காலங்காலமாக இப்படித்தான் விரிகின்றன. அவர்கள் சிபாரிசு செய்யும் கிராஜுவேட் என்ற சொல்லே இதற்குச் சாட்சி. ஒரு காலத்தில் பல்கலைக்கழகம்தான் மாணவரைப் பட்டதாரியாக்கும். ஆகவே 'ஹி வாஸ் கிராஜுவேட்டட்' என்று செயப்பாட்டு வினையில் சொல்வதே முறை என்று அமெரிக்க இலக்கணக்காரர்கள் வாதாடினார்கள். மக்கள் 'ஹி கிராஜுவேட்டட் ஃப்ரம்' என்றார்கள், அது நிலைத்தது. இப்போது 'ஃப்ரம்' என்பதையும் விட்டுவிட்டு 'கிராஜுவேட்டட் காலேஜ்' என்று பேசுகிறார்கள். பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டத்தோடு ஒட்டி நின்ற அந்தச் சொல் அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கும் வந்துவிட்டது. அமெரிக்கரின் வாயில் ஒரு சொல் விரிந்தால் அது வளர்ச்சி, செங்கல்பட்டு மாணவரின் வாயில் விரிந்தால் அது பிழை என்பதற்கு மொழியியலில் எந்த ஆதாரமும் கிடையாது.

ஒரே சொல்லுக்கு மயக்கம், தேர்ச்சி என்று இரண்டு பொருள் இருந்தால் குழப்பம் வராதா? வராது. பிரேசல் வெர்ப் என்ற இனமே பல பொருள் சுமக்கும் இனம். 'கோ ஆஃப்' என்றால் அலாரம் அடிக்கும், விளக்கு அணையும், பால் கெடும், வெடி வெடிக்கும். 'டேக் ஆஃப்' என்றால் விமானம் மேலெழும், சட்டையைக் கழற்றுவோம், ஒரு தொழில் சூடுபிடிக்கும். பாஸ் அவுட்டுக்கு மூன்றாவது பொருளும் இருக்கிறது: நோட்டீஸ் விநியோகிப்பதும் பாஸ் அவுட்தான். எந்தப் பொருள் என்பதை வாக்கியத்தின் கட்டமைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. விநியோகம் என்றால் பின்னால் ஒரு செயப்படுபொருள் வரும். தேறி வெளியேறுவது என்றால் நிறுவனத்தின் பெயரோ ஆண்டோ கூடவே வரும். மயக்கம் என்றால் வெயில், பசி, ரத்தம் என்று ஏதாவது காரணம் பக்கத்தில் நிற்கும். "2019இல், கிறித்தவக் கல்லூரியிலிருந்து, பொருளாதாரம் படித்து" என்று ஒருவர் சொல்லும்போது அதை மயக்கமாக எடுத்துக்கொள்ளக் கேட்பவர் மெனக்கெட வேண்டும்.

தமிழில் நாம் இதைத் தினமும் செய்கிறோம். "தாத்தா தவறிட்டார்" என்றால் துக்க வீட்டுக்குக் கிளம்புகிறோம். "பையன் கணக்குல தவறிட்டான்" என்றால் மறுதேர்வுக்குப் பணம் கட்டுகிறோம். இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு யாரும் மாலை வாங்கப் போனதில்லை. தமிழைக் கேட்கும்போது இவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் காது, ஆங்கிலம் என்றதும் செயலற்றுப் போகும் என்று பயிற்சியாளர்கள் நம்பச் சொல்கிறார்கள்.

உண்மையில் பாஸ் அவுட் ஒரு அருமையான பாடத்துக்கு வாசல். பிரேசல் வெர்ப் என்ற பெயருக்கு வயது நூறுதான். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் ஆங்கில மரபுத்தொடர்களைப் பற்றி எழுதிய நூலில் அதைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி தந்த பெயர் அது என்றும் குறிப்பிட்டார். பெயர்தான் புதிது, கட்டமைப்பு பழையது. ஒரு சிறிய வினை, அதன் பின்னால் ஒரு இடைச்சொல். வினையைவிட இடைச்சொல்லைக் கவனித்தால்தான் பொருள் பிடிபடும். 'அவுட்' என்ற இடைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கேரி அவுட், வொர்க் அவுட், சார்ட் அவுட், செல் அவுட் ஆகியவற்றில் அது ஒரு செயலைக் கடைசிவரை முடிப்பதைச் சொல்கிறது. பிளாக் அவுட், நாக் அவுட் போன்றவற்றில் விளக்கோ நினைவோ அணைவதைச் சொல்கிறது. படிப்பை முடிக்கும் பாஸ் அவுட் முதல் குடும்பம். மயங்கி விழும் பாஸ் அவுட் இரண்டாவது குடும்பம். இந்தக் குடும்பங்களைக் காட்டிவிட்டால் மாணவர் அடுத்தடுத்து வரும் இருபது வினைகளைத் தானே ஊகித்துக்கொள்வார்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இது அந்நியமும் இல்லை. "படித்துவிட்டான்" என்பதில் 'விடு' தன் சொந்தப் பொருளை உதறிவிட்டு முடிவைக் காட்டுகிறது. "படித்துக்கொண்டான்" என்பதில் 'கொள்' தனக்காகச் செய்ததைக் காட்டுகிறது. துணைவினை என்று நம் இலக்கணம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஒரு சிறு சொல் இன்னொரு வினையோடு சேர்ந்து பொருளைத் திருப்பிவிடும் என்ற அறிவோடுதான் நம் பிள்ளைகள் வகுப்புக்குள் வருகிறார்கள். அந்த அறிவின் மேல் கட்டியெழுப்பாமல், நூறு பிரேசல் வெர்ப்களை எதிரே ஒற்றைப் பொருளோடு அச்சிட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பாஸ் அவுட்டுக்கு எதிரே மயங்குதல் என்று மட்டும் போட்ட அந்தப் பட்டியல்தான் இந்தப் பொய்ப் பிழைக்குப் பிறப்பிடம்.

இனி இரண்டாவது வாதம். கிராஜுவேட் என்ற சொல் இருக்கும்போது பாஸ் அவுட் எதற்கு? கிராஜுவேட் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதால்தான். இந்தியாவில் கிராஜுவேட் என்றால் பட்டதாரி. அரசுப் பணி அறிவிப்புகளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமா, பட்டம் என்று தகுதிகள் தனித்தனியாக நிற்கின்றன. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவர், பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்கு வருபவர் "ஐ கிராஜுவேட்டட்" என்று இங்கே சொன்னால், இல்லாத பட்டத்தை இருப்பதாகச் சொன்னதாகிவிடும். ஒரகடத்திலும் மறைமலைநகரிலும் தொழிற்சாலை வாசலில் நிற்கும் இளைஞருக்கு அந்தச் சொல் உதவாது, சிக்கலில் மாட்டிவிடக்கூடும். பாஸ் அவுட் இவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். எதைப் படித்திருந்தாலும் தேறி வெளியே வந்தவர் என்பதை மட்டும் அது சொல்கிறது. உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதால் அது கிராஜுவேட்டைவிட நேர்மையான சொல்.

இதற்குக் குரோம்பேட்டையிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி.யில் ஏ.பி.ஜே. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தார்கள். அந்நாளில் அங்கே சேர்ந்தவர்கள் பி.எஸ்சி. முடித்தவர்கள், அதாவது உள்ளே நுழையும்போதே கிராஜுவேட்கள். மூன்று ஆண்டுகள் படித்துவிட்டு அவர்கள் வாங்கியது டி.எம்.ஐ.டி. என்ற டிப்ளமா. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்ட கலாம், டிப்ளமா கொடுத்த குரோம்பேட்டையிலிருந்து கிராஜுவேட் ஆனார் என்பது நம் ஊர்க் கணக்கில் சரியாக உட்காராது. எம்.ஐ.டி.யிலிருந்து பாஸ் அவுட் ஆனார் என்பது பொருத்தமாக உட்காரும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. நம் விண்ணப்பப் படிவங்களில் 'இயர் ஆஃப் பாஸிங்' என்று ஒரு கட்டம் வரும். பட்டமளிப்பு விழா நடந்த ஆண்டை அதில் யாரும் எழுதுவதில்லை. எல்லாப் பாடத்திலும் தேறிய ஆண்டைத்தான் எழுதுகிறோம். பொறியியல் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. நான்கு ஆண்டுப் படிப்பை முடித்தும் இரண்டு அரியர் பாக்கி வைத்திருப்பவர் 'கோர்ஸ் கம்ப்ளீட்டட்', பாஸ் அவுட் அல்லர். அரியரையெல்லாம் எழுதித் தேறிய பிறகுதான் அவர் பாஸ் அவுட். படிப்பு முடிந்தது, தேர்ச்சி கிடைத்தது, பட்டம் கைக்கு வந்தது என்ற மூன்று கட்டங்களில் நடுக்கட்டத்தைச் சொல்ல நம் மாணவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு ஆங்கிலத்திலேயே கிடந்த சொல்லை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

'2024 பாஸ் அவுட்ஸ்' என்று பெயர்ச்சொல்லாக்குவதையாவது தவறு என்று ஒப்புக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறார்கள். பாதியில் படிப்பை விட்டவரை டிராப் அவுட் என்று ஆங்கிலம் உலகெங்கும் சொல்கிறது. டிராப் அவுட் ஆகிறவர் ஒரு டிராப் அவுட். அதே அச்சில், பாஸ் அவுட் ஆகிறவர் ஒரு பாஸ் அவுட். பாதியில் வெளியேறியவருக்குப் பெயர் இருக்கலாம், தேறி வெளியேறியவருக்கு இருக்கக் கூடாது என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை.

மூன்றாவது வாதத்தில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அமெரிக்கர் ஒருவருக்கு நம் பாஸ் அவுட் சட்டென்று புரியாமல் போகலாம். ஆகவே அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் கிராஜுவேட்டட் என்றோ கம்ப்ளீட்டட் என்றோ எழுதுங்கள் என்று கற்பிப்பது நல்ல ஆசிரியரின் கடமை. கேட்பவர் யாரென்று பார்த்துப் பேசும் பழக்கம் அது. பிழை திருத்தம் என்ற கணக்கில் அது வராது. பிரிட்டனில் 'நாக் அப்' என்றால் கதவைத் தட்டி எழுப்புவது. அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கருவுறச் செய்வது என்று பொருள். அமெரிக்கர் சிரிக்கிறார் என்பதற்காக எந்த பிரிட்டிஷ் அகராதியும் அதை அழிக்கவில்லை. படிவத்தை நிரப்புவது பிரிட்டனில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்' என்று இருவரும் அவரவர் வழக்கில் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வேறுபாட்டை வேறுபாடாகவே பார்க்கும் பெருந்தன்மையை இரண்டு நாடுகளுக்குள் நிறுத்திவிட்டு, ஆங்கிலத்தை அன்றாடம் பயன்படுத்தும் மூன்றாவது பெரிய நாட்டுக்கு மட்டும் மறுப்பது ஏன்? 'பிரிபோன்' இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியிருக்கிறது. 2016இல் 'ஐயோ'வையே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி சேர்த்துக்கொண்டது. அகராதிக்காரர்கள் திறந்துவிட்ட கதவைத் தாம்பரத்துப் பயிற்சியாளர்கள் சாத்தக் கூடாது.

நம்மவர்கள் பேசும் ஆங்கிலமெல்லாம் சரி என்று நான் வாதிடவில்லை. 'கோப் வித்' என்பதில் தேவையில்லாமல் 'அப்' நுழைவதும், 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபௌட்' ஒட்டிக்கொள்வதும் திருத்த வேண்டியவை. பொது எழுத்து வழக்கு எந்த நாட்டிலும் அவற்றை ஏற்கவில்லை. அவற்றைத் திருத்துங்கள், பொறுமையாகத் திருத்துங்கள். அகராதியின் ஆதரவும் நூறாண்டு வழக்கும் உள்ள பாஸ் அவுட்டை அந்த வரிசையில் நிறுத்தினால், எது பிழை, எது வழக்கு என்று பிரித்தறியும் திறன் மாணவருக்கு வராமலே போய்விடும்.

இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று தோன்றலாம். மதுராந்தகத்திலிருந்தும் படப்பையிலிருந்தும் பேருந்தும் மின்சார ரயிலும் பிடித்துச் சிறுசேரிக்கும் தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கு வருகிறார்கள் அந்தப் பிள்ளைகள். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் இரண்டாவது வாக்கியமே பாஸ் அவுட் பற்றியதுதான். வாய் திறந்த உடனேயே தப்பாகிவிடும் என்ற பயத்தை அந்த இடத்தில் விதைத்தால், அடுத்து வரும் பத்து வாக்கியங்களும் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆங்கிலம் வராது என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் வரும். பேசினால் சிரிப்பார்கள் என்ற அச்சம்தான் அவர்கள் வாயைக் கட்டுகிறது. அந்த அச்சத்தைப் போக்கத்தான் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். அதே நிலையம் இல்லாத பிழையைக் காட்டி அச்சத்தைக் கூட்டுவது கட்டிய பணத்துக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே பயிற்சியாளர்களே, பட்டியலிலிருந்து பாஸ் அவுட்டை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் அவுட், அப், ஆஃப் என்ற இடைச்சொற்களின் குடும்பங்களைச் சொல்லிக்கொடுங்கள். தேர்வாளர்களே, உங்கள் நிறுவனமே வேலை அறிவிப்பில் 'பாஸ்ட் அவுட் 2024' என்று எழுதும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைச் சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மாணவர்களே, எந்த ஆண்டு, எந்தக் கல்லூரியிலிருந்து பாஸ் அவுட் ஆனீர்கள் என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டு, என்ன கற்றீர்கள், என்ன செய்யத் தெரியும் என்ற அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த வாக்கியத்தைப் பொறுத்தே இருக்க வேண்டும்.